மலையில் விலங்குகளைக் கவனிப்பது: கடலூர், புதுச்சேரியிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

மேற்குத் தொடர்ச்சி மலையில் விலங்குகளின் நடத்தையைக் கவனித்து எழுதும் வேலையைப் பற்றி, கடலூர், புதுச்சேரிப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றைப் பெற்றோர் கேட்டார்கள், அவற்றையும் விடவில்லை. பதில்களில் வரையாடு அடிக்கடி வரும். திறந்த புல்வெளியில் பகலில் மேய்கிற விலங்கு என்பதால், முறைகளை விளக்க அதைவிட வசதியான உயிர் நம் மாநிலத்தில் இல்லை.

கடற்கரை ஊரில் வளர்ந்தவருக்கு இந்த வேலை சரிப்படுமா?

சரிப்படும். உடம்பு பழக வேண்டும், அவ்வளவுதான். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி வெப்பம் குறையும். ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டரில் இருக்கிறது. கடலூரில் முப்பது டிகிரி அடிக்கும்போது அங்கே பதினைந்தை ஒட்டி இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரியில் புல் மேல் உறைபனி படியும். இமயமலையில் வருவது போன்ற மூச்சுத் திணறலுக்கு இங்கே பெரிதாகப் பயப்பட வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சியான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். மூச்சைவிட முட்டிதான் முதலில் புகார் சொல்லும், அதுவும் இறங்கும்போது. புதுச்சேரியில் ஏறிப் பழக கோரிமேட்டைத் தவிர மேடு இல்லை என்று ஒரு மாணவர் அலுத்துக்கொண்டார். மாடிப்படி போதும்.

மலை ஆய்வுக்கும் புதுச்சேரிக்கும் என்ன சம்பந்தம்?

நீங்கள் நினைப்பதைவிட அதிகம். 1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கடற்கரைக்குப் பக்கத்தில், செயிண்ட் லூயி தெருவில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் தாவர வரைபடங்களில் முக்கியமானவை அங்கிருந்துதான் வந்தன. பசுமைமாறாக் காட்டு மரங்களைக் களத்தில் அடையாளம் காண்பதற்கான கையேட்டை பி.ஆர். ரமேஷும் ழான் பியர் பஸ்காலும் 1987-இல் அங்கிருந்துதான் வெளியிட்டார்கள். விலங்கு ஆய்வாளருக்கு மரக் கையேடு எதற்கு என்று கேட்காதீர்கள். சிங்கவால் குரங்கு எந்த மரத்தில் உட்கார்ந்து எதைத் தின்கிறது என்று எழுதத் தெரியாவிட்டால் பாதித் தாள் காலியாகத்தான் இருக்கும்.

இன்னொரு தொடர்பும் உண்டு. 1975-இல் வரையாட்டைப் பற்றிய தொடக்ககால ஆய்வுகளில் ஒன்றைச் செய்தவர் ஈ.ஆர்.சி. டேவிதார். தொழிலால் வழக்கறிஞர். அவர் நினைவாகத்தான் தமிழ்நாடு அரசு அக்டோபர் 7-ஐ வரையாடு தினமாக வைத்திருக்கிறது. அவருடைய மகள் பிரியா டேவிதார், காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சூழலியல் துறையில் பல ஆண்டுகள் பேராசிரியராக இருந்தார். நீலகிரியில் புல்லுருவிச் செடிகளுக்கும் பூக்கொத்திக் குருவிகளுக்கும் உள்ள உறவை ஆராய்ந்தவர். சில புல்லுருவிகளின் பூ, பழம் போலவே தோன்றும். பழம் தின்னும் குருவி அதைக் கொத்தும்போது மகரந்தம் பரவுகிறது. கட்டைவிரல் அளவுக் குருவியின் நடத்தையை வைத்து ஒரு காட்டின் இயக்கத்தைப் படிக்கலாம் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் இது.

நடத்தை ஆய்வும் கணக்கெடுப்பும் ஒன்றுதானே?

இல்லை. எத்தனை இருக்கின்றன என்பது கணக்கெடுப்பு. அவை என்ன செய்கின்றன, எப்போது, யாரோடு, ஏன் என்பது நடத்தை. 2024-இல் தமிழ்நாட்டில் நடந்த ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகள் பதிவாயின. எண்ணிக்கை தெரிந்துவிட்டது. ஆனால் ஒரு கூட்டம் ஒரு குன்றைவிட்டு ஏன் போனது, குட்டிகளோடு இருக்கும் பெண் ஆடுகள் பாறை விளிம்பை விட்டு எவ்வளவு தூரம் மேயத் துணிகின்றன என்பதற்கெல்லாம் அந்த எண்ணில் பதில் இல்லை.

இரண்டும் கைகோக்கும் இடமும் உண்டு. மலையில் எண்ணும்போது எப்போதும் சில விடுபடும். அதனால் ஒரே பகுதியைப் பல முறை எண்ணி, கிடைத்ததில் மிகப் பெரிய எண்ணையும் அதற்கு அடுத்ததையும் எடுத்துக்கொள்ளும் முறை ஒன்று இருக்கிறது. உதாரணத்துக்கு 34, 41, 38 என்று மூன்று நாளில் வந்தால், 41-க்கும் 38-க்கும் உள்ள வித்தியாசமான மூன்றை 41-இல் சேர்த்து 44 என்று மதிப்பிடுவார்கள். ஆடுகள் எந்த நேரத்தில் புல்வெளிக்கு வரும், எப்போது பாறையிடுக்கில் படுத்துவிடும் என்று தெரியாமல் எண்ணப் போனால் இந்தச் சூத்திரமும் காப்பாற்றாது.

நாள் முழுக்க அங்கே என்னதான் செய்வீர்கள்?

உட்கார்ந்திருப்போம். உண்மையில் அதுதான் வேலையின் பெரும்பகுதி. வெளிச்சம் வருவதற்கு முன் எதிர்க் குன்றில் ஓர் இடம் பிடித்து, தொலைநோக்கியை முக்காலியில் வைத்து, ஆடுகள் மேயத் தொடங்கும்வரை காத்திருப்பது. வரையாடு காலையிலும் மாலையிலும் நன்றாக மேயும். நடுப்பகலில் படுத்து அசைபோடும். கூட்டம் படுத்திருக்கும்போது ஒன்று, பெரும்பாலும் வயது வந்த பெண் ஆடு, உயரமான இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.

பதிவுத் தாள் ஒன்று இப்படித்தான் இருக்கும்:

06.40 – பெண் ஆடு, இடது கொம்பின் நுனி உடைந்தது. மேய்ச்சல்.
06.43 – தலை தூக்கல். கீழ்ப்பக்கம் பார்வை.
06.44 – மேய்ச்சல்.
06.51 – குட்டி நெருங்கியது, மடியை முட்டியது. தாய் இரண்டடி நகர்ந்தது.
06.52 – மூடுபனி. தெரியவில்லை.
07.05 – பனி விலகியது. அதே ஆடுதானா என்பது உறுதியில்லை. நிறுத்தம்.

இதில் எனக்கு முக்கியம் கடைசி இரண்டு வரிகள். பனிக்கு முன்னும் மேய்ந்தது, பின்னும் மேய்கிறது, இடையிலும் மேய்ந்துதானே இருக்கும் என்று பதிமூன்று நிமிடத்தை மேய்ச்சலில் சேர்த்துவிடத் தோன்றும். கூடாது. பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுதுகிற பழக்கம் வந்துவிட்டால் இந்தத் தொழிலில் பாதியைக் கற்றாயிற்று. புதிதாக வருகிற பிள்ளைகளின் தாள்களில் ‘தெரியவில்லை’ என்ற சொல் ஒன்றுகூட இல்லாவிட்டால் எனக்குச் சந்தேகம்தான் வரும். மலையில் அப்படி ஒரு காலை வாய்ப்பதே அபூர்வம்.

கண்ணில் படுவதையெல்லாம் எழுதினால் போதாதா?

போதாது. கூட்டத்தில் சத்தம் போடுகிறவர்தான் எப்போதும் கண்ணில் படுவார். இரண்டு கிடாக்கள் கொம்பு முட்டினால் கூட்டமே சண்டை போட்டதாகக் குறிப்பேடு சொல்லும்; ஓரமாக மேய்ந்த இருபது பெண் ஆடுகள் தாளில் ஏறாது. கென்யாவின் அம்போசெலியில் பபூன் குரங்குகளை ஆராய்ந்த ஜீன் ஆல்ட்மன் இதைப் பற்றி 1974-இல் ஒரு கட்டுரை எழுதினார். இன்றுவரை நடத்தை ஆய்வுக்கு வருகிற எல்லோரும் முதலில் படிப்பது அதைத்தான்.

அவர் தொகுத்துச் சொன்ன முறைகளில் இரண்டு நமக்கு அன்றாடம் வேண்டியவை. ஒரே விலங்கைக் குறிப்பிட்ட நேரம், சொல்லுங்கள் கால் மணி நேரம், விடாமல் பார்த்து அது செய்வதை எல்லாம் எழுதுவது ஒன்று. யாரைப் பார்ப்பது என்று முன்கூட்டியே சீட்டுக் குலுக்கி முடிவு செய்துவிட வேண்டும். சுவாரஸ்யமாக எதையாவது செய்கிற விலங்கைத் தேடிப் போகக் கூடாது. மற்றொன்று, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கூட்டத்தை இடமிருந்து வலமாக ஒரு பார்வை பார்த்து, அந்த நொடியில் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று குறிப்பது. தாய்க்கும் குட்டிக்கும் உள்ள உறவைப் படிக்க முதல் முறை. கூட்டம் பொழுதை எப்படிச் செலவிடுகிறது என்று அறிய இரண்டாவது. கேள்வி என்ன என்று தெரியாமல் முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது.

‘கோபமாகப் பார்த்தது’ என்று எழுதினால் என்ன தப்பு?

கோபம் நம் ஊகம். காது பின்னால் மடிந்தது, முன்காலால் தரையைத் தட்டியது, தலை தாழ்ந்தது என்பவைதான் பார்த்தவை. களத்துக்குப் போகும் முன்பே ஒவ்வொரு செயலுக்கும் ஒரு வரையறை எழுதி, குறியீடு கொடுத்துப் பட்டியல் போட்டுக்கொள்வோம், எத்தோகிராம் என்பார்கள். ‘மேய்ச்சல்’ என்றால் வாய் புல்லில் இருக்க வேண்டுமா, புல்லை மென்றுகொண்டே நிற்பதும் சேருமா? இதை முதல் நாளே முடிவு செய்யாவிட்டால் கடைசியில் இரண்டு பேர் எழுதிய தாள்களைச் சேர்க்க முடியாது. அதனால்தான் இரண்டு பேரை ஒரே ஆட்டைப் பார்க்கச் சொல்லி, பேசிக்கொள்ளாமல் தனித்தனியே எழுத வைத்து, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று சோதிக்கிறோம். முதல் முறை செய்து பார்க்கும்போது நெருங்கிய நண்பர்களுக்குள்ளேயே சண்டை வரும்.

நம்மைப் பார்த்ததும் விலங்கு நடத்தையை மாற்றிக்கொள்ளாதா?

மாற்றிக்கொள்ளும். இந்தத் துறையின் மிகப் பெரிய தலைவலி இது.

ஒரு வழி, தூரத்தில் இருப்பது. மற்றது, விலங்குகளுக்கு நம்மைப் பழக்குவது. தினமும் அதே நேரம், முடிந்தால் அதே நிற உடை, அதே பாதை. துரத்துவதில்லை, உணவு கொடுப்பதில்லை. குரங்குக் கூட்டங்களில் இது மாதக்கணக்கில் ஆகும். பழகிவிட்டன என்பதை எப்படி அறிவது? நீங்கள் போய் உட்காரும்போது எச்சரிக்கைக் குரல் வராமல், இரை தேடுவது தொடர்ந்தால் ஓரளவு நம்பலாம்.

ஆனால் பழகிய விலங்கு எல்லா விலங்குக்கும் பிரதிநிதி ஆகாது. மூணாறு அருகே இரவிகுளம் தேசியப் பூங்காவின் ராஜமலைப் பகுதியில் வரையாடுகள் சுற்றுலாப் பயணிகளுக்குப் பக்கத்திலேயே சாதாரணமாக மேயும். அங்கே எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு வரையாடு சாதுவான பிராணி என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத குன்றில் அதே இனம் உங்கள் தலை தெரிந்ததுமே பாறைச் சரிவில் இறங்கி மறைந்துவிடும். வால்பாறை புதுத்தோட்டத்தில் இருக்கும் சிங்கவால் குரங்குகளும் அப்படித்தான். மர உச்சியிலேயே வாழ்கிற இனம் என்று பாடத்தில் படித்திருப்போம். அங்கே தரையில் இறங்கி, சாலையைக் கடந்து, வீட்டுச் சமையலறைவரை வருகின்றன. இந்த மாற்றமே தனி ஆய்வுப் பொருளாகிவிட்டது. ஆக, எந்தக் கூட்டத்தை எங்கே பார்த்தோம் என்பதை முடிவுகளோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

மலை என்பதால் தனியாக வரும் சிக்கல்கள் என்ன?

முதலில் காற்று. கடலூர்க்காரருக்கு இதை விளக்குவது சுலபம்: பகலில் கடற்காற்று, இரவில் நிலக்காற்று என்று நம் ஊரில் திசை மாறுகிறதே, மலைச்சரிவிலும் கிட்டத்தட்ட அதே கதை. வெயில் ஏறி, சரிவு சூடானதும் காற்று மேல்நோக்கி ஏறும். இரவில் குளிர்ந்து கீழே வழியும். விடிகாலையில் கீழிருந்து ஏறிப் போனால் உங்கள் வாசனை பள்ளத்தாக்கை நோக்கிப் போகும். ஒன்பது பத்து மணிக்கு அதே பாதையில் போனால் மேலே இருக்கிற விலங்குக்கு நீங்கள் வருவது முன்பே தெரிந்துவிடும். பள்ளத்தாக்குகளில் காற்று சுழலும், இந்தக் கணக்கெல்லாம் பொய்த்தும் போகும். அதனால் கையில் ஒரு சிட்டிகை பவுடரோ சாம்பலோ வைத்துக்கொண்டு ஊதிப் பார்ப்பவர்கள் உண்டு.

அடுத்தது, தூரம். சமவெளியில் நேர்கோட்டில் நடந்து இரு பக்கமும் எண்ணும் முறை நன்றாக வேலை செய்யும். செங்குத்துப் பாறையில் நேர்கோடு என்பது தற்கொலை. இருக்கிற பாதையிலேயே நடந்தால், பாதைக்குப் பக்கத்தில் வரும் விலங்குகளை மட்டுமே பார்த்தவர்களாகிறோம். லேசர் தூரமானி சரிவு வழியாகத் தூரத்தைக் காட்டும். கிடைமட்டத் தூரம் அதைவிடக் குறைவு, கோணத்தை அளந்து திருத்த வேண்டும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் வில்லங்கமானது. புல்வெளியில் நிற்கும் விலங்கு தெரியும், சோலைக்குள் நுழைந்தால் தெரியாது. திறந்த இடத்தில் அது செய்வது பெரும்பாலும் மேய்ச்சல். ஆகவே ‘பகலில் இத்தனை சதவீதம் மேய்கிறது’ என்று வரும் எண் எப்போதும் கொஞ்சம் ஊதியே இருக்கும். இதைச் சரிசெய்ய, விலங்கு இருக்கும் இடத்தைக் காட்டும் கழுத்துப்பட்டை, தானியங்கிக் கேமரா என்று வழிகள் உண்டு. அவை இல்லாதபோது, இந்தச் சதவீதம் திறந்த வெளியில் பார்த்ததற்கு மட்டும் பொருந்தும் என்று கட்டுரையில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும். பலர் எழுதுவதில்லை.

மழையும் பக்கத்துக்குப் பக்கம் மாறும். வால்பாறையில் ஆனி, ஆடியில் கொட்டுகிற தென்மேற்குப் பருவமழை கிழக்கே பொள்ளாச்சிச் சமவெளிக்கு வரும்போது வற்றிவிடும். களக்காடு முண்டந்துறை இரண்டு பருவமழையையும் வாங்கும். ஒரே இனத்தின் நடத்தையை இரண்டு இடத்தில் ஒப்பிடும்போது மாதத்தை மட்டும் பார்த்து ஒப்பிட்டால் தவறாகப் போகும்.

எந்தக் காலத்தில் போக வேண்டும்?

கேள்வியைப் பொறுத்தது. வரையாட்டின் இணைசேரும் காலம் தென்மேற்கு மழை மாதங்கள். சினைக்காலம் சுமார் ஆறு மாதம். குட்டிகள் பெரும்பாலும் தை, மாசியில். குட்டி போடும் பருவத்தில் இரவிகுளத்தைச் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடிவிடுவார்கள். கிடாக்களின் போட்டியைப் பார்க்க வேண்டுமானால் கொட்டும் மழையில்தான் உட்கார வேண்டும். கோடை விடுமுறையில் வருகிறேன் என்கிறவர்களுக்கு இரண்டும் கிடைக்காது. மற்றபடி மேய்ச்சலைப் பார்க்கலாம்.

கண்ணிலேயே படாத விலங்குகளை எப்படி ஆராய்வது?

அது விட்டுச்செல்வதை வைத்து. எச்சம், காலடி, மரத்தில் நகக்கீறல், இரையின் மிச்சம். நாங்குநேரியில் பிறந்த ஏ.ஜே.டி. ஜான்சிங், 1976 முதல் 1978 வரை பந்திப்பூரில் செந்நாய்களை ஆராய்ந்தார். காட்டில் சுதந்திரமாகத் திரியும் ஒரு பெரிய பாலூட்டியை இந்திய ஆய்வாளர் ஒருவர் அப்படி விரிவாக ஆராய்ந்ததில் அதுவே முன்னோடி. பெரும்பாலும் நடந்தே செய்த வேலை. 2024-இல் அவர் காலமானார். இந்தத் துறைக்கு வர நினைக்கும் தமிழ்ப் பிள்ளைகள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் அவருடையது என்பேன்.

இப்போது தானியங்கிக் கேமரா எல்லோரிடமும் இருக்கிறது. மரத்தில் கட்டிவிட்டு வந்தால் எல்லாம் பதிவாகும் என்று நினைக்க வேண்டாம். அதன் உணரி, சுற்றுப்புறத்துக்கும் விலங்கின் உடலுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் நகர்வதைத்தான் கண்டுகொள்கிறது. நடுப்பகலில் சுட்ட பாறைக்கு முன்னால் விலங்கு போனால் படம் விழாமலே போகலாம். சரிவில் கட்டினால் மேலிருந்து வருவது கேமராவுக்கு மேலேயும் கீழிருந்து வருவது அதற்குக் கீழேயும் போய்விடும். யானைக்குப் பிடிக்காவிட்டால் கழற்றி மிதித்துவிடும். படம் இல்லை என்றால் விலங்கு இல்லை என்று பொருளல்ல.

அனுமதி வாங்க வேண்டுமா?

கண்டிப்பாக. சரணாலயத்துக்குள் ஆய்வுக்காக நுழைவதற்கே 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 28-வது பிரிவின்படி அனுமதி வேண்டும். தலைமை வன உயிரினக் காப்பாளர் கொடுப்பார். பிடிப்பது, கழுத்துப்பட்டை மாட்டுவது போன்றவற்றுக்குத் தனி அனுமதி. வரையாடு மாதிரி அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும் விலங்கானால் மத்திய அரசுவரை போகும். தனி மாணவராக விண்ணப்பிப்பதைவிடக் கல்லூரி அல்லது ஆய்வு நிறுவனம் வழியாகப் போவதுதான் நடைமுறை. காகிதம் நகர்வதற்கு மாதங்கள் ஆகலாம் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். அனுமதி தாமதமாகி, குட்டி போடும் பருவம் முடிந்தபின் களத்துக்குப் போய்ச் சேர்ந்த ஆய்வுகள் உண்டு. டிரோன் எடுத்துப் போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு: அனுமதியில் எழுதியிருந்தால் மட்டும்.

அட்டை கடிக்குமாமே? யானை, பாம்பு, காய்ச்சல்?

அட்டை கடிக்கும். முழங்கால்வரை வரும் நெருக்கமான நெசவுத் துணி உறையைக் காலுறைக்கு மேல் கட்டிக்கொள்வோம். மூக்குப்பொடி, உப்பு, வேப்பெண்ணெய் என்று ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருப்பார்கள். அட்டையால் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை, அரிப்புதான்.

கவனிக்க வேண்டியது, கண்ணுக்குத் தெரியாத உண்ணிகளை. புல்லிலும் புதரிலும் இருக்கும் நுண்ணிய உண்ணியின் இளம்பூச்சி கடித்து ஸ்கரப் டைபஸ் காய்ச்சல் வரும். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போலக் கறுப்புப் பொருக்கு சிலருக்கு இருக்கும். அக்குள், இடுப்பு என்று மறைவான இடமாகப் பார்த்து இருக்கும். சீக்கிரம் தெரிந்தால் சாதாரண மாத்திரையிலேயே குணமாகும். ஊருக்குத் திரும்பி ஒரு வாரம் பத்து நாள் கழித்துத்தான் காய்ச்சல் வரும் என்பதால், கடலூரில் டாக்டரைப் பார்க்கும்போது காட்டுக்குப் போய்வந்ததைக் கேட்காமலே சொல்லிவிடுங்கள். குரங்கு செத்துக் கிடந்தால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். உண்ணி வழியாகவே பரவும் குரங்குக் காய்ச்சல் வேறு இருக்கிறது.

யானைக்குப் பதில் ஒன்றுதான்: கூட வரும் வனக்காவலர் நில் என்றால் நிற்க வேண்டும், ஓடு என்றால் ஓட வேண்டும், ஏன் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பலாமா?

ஒரு தாயார் கேட்டது. ஆண் பிள்ளையையும் தனியாக அனுப்ப மாட்டோம் அம்மா. காட்டில் யாரும் தனியாகப் போவதில்லை. ஆனால் உங்கள் கேள்வியின் உள்ளே இருப்பதும் புரிகிறது. முகாமில் தாழ்ப்பாள் உள்ள அறை இருக்கிறதா, கழிப்பறை எங்கே, வேறு பெண்கள் குழுவில் உண்டா, பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி புகார்க் குழு அந்த நிறுவனத்தில் இருக்கிறதா என்று சேரும் முன்பே கேளுங்கள். நல்ல இடத்தில் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்கள். சுளித்தால் அந்த இடம் வேண்டாம். இன்றைக்கு இந்தத் துறையில் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

உள்ளூர் மக்களின் உதவி எவ்வளவு தேவை?

உதவி என்று சொல்வதே குறைவு. ஆனைமலையில் காடர், மலசர், முதுவர், நீலகிரியில் இருளர், குறும்பர், தெற்கே காணிக்காரர் என்று அந்தந்தக் காட்டில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள் இல்லாமல் பெரும்பாலான ஆய்வுகள் நடந்தே இருக்காது. வேட்டைத் தடுப்புக் காவலர்களில் பலரும் அவர்கள்தான். நான்கு நாள் பழைய எச்சம், நேற்றைய எச்சம், செந்நாயா சிறுத்தையா என்பதையெல்லாம் நின்ற இடத்திலிருந்தே சொல்வார்கள். அதைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்து, கட்டுரையின் கடைசியில் ‘களப்பணியாளர்களுக்கு நன்றி’ என்று பெயர்கூடப் போடாமல் முடிப்பது எனக்கு உடன்பாடில்லை. குறைந்தது பெயராவது போட வேண்டும். ஆய்வின் கருத்தே அவரிடமிருந்து வந்திருந்தால் ஆசிரியர் வரிசையில் போட வேண்டும்.

இந்த ஆய்வுகளால் யாருக்கு என்ன பயன்?

வால்பாறையைப் பாருங்கள். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் காடு, அதன் வழியே யானைகள் போகும். இரவில் வீடு திரும்புகிற தொழிலாளிக்கு எதிரே யானை நிற்பது தெரியாமல் உயிரிழப்புகள் நேர்ந்தன. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் யானைக் கூட்டங்களின் நடமாட்டத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். யானை எங்கே நிற்கிறது என்று மக்களின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போகவும், யானை பக்கத்தில் இருந்தால் சாலையோரம் சிவப்பு விளக்கு எரியவும் ஏற்பாடு வந்தது. சிங்கவால் குரங்குகள் சாலையில் அடிபடுவதைத் தடுக்க மரத்துக்கு மரம் கட்டிய தொங்கு பாலங்களும் அப்படி வந்தவைதான். எங்கே கட்டுவது? எந்த இடத்தில் எந்த நேரத்தில் கடக்கின்றன என்று யாரோ உட்கார்ந்து எழுதியிருந்தால்தான் தெரியும்.

எங்கே படிக்கலாம்? சம்பளம் எப்படி?

கடலூரிலிருந்து பக்கம் என்றால் மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி, வன உயிரியலில் முதுகலை அங்கே நீண்ட காலமாக இருக்கிறது. சிதம்பரம், சீர்காழி வழியாகப் பஸ்ஸில் போய்விடலாம். ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் உண்டு. காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் சூழலியல் படிக்கலாம். தேசிய அளவில் டேராடூன் இந்திய வன உயிரின நிறுவனம், பெங்களூர் தேசிய உயிரியல் ஆய்வு மையம். இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு, போட்டி கடுமை.

சம்பளம் பெரிதாக இல்லை. யுஜிசி, சிஎஸ்ஐஆர் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அது இல்லாமல் திட்ட உதவியாளராகச் சேர்ந்தால் அதைவிட நன்றாகக் குறையும். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். வீட்டில் இதை மறைக்காமல் சொல்லிவிட்டு வாருங்கள்.

மலைக்குப் போகும் முன் இங்கேயே எப்படிப் பழகுவது?

செஞ்சிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போங்கள். கோட்டைப் பாறைகளில் குரங்குகள் இருக்கின்றன, ஏறி இறங்கிய மாதிரியும் ஆயிற்று. கையில் உணவுப் பை வேண்டாம். ஒரு குரங்கைத் தேர்ந்து கால் மணி நேரம் எழுதுங்கள், பிறகு அடுத்தது. இருபது தாள் சேர்ந்ததும் பாருங்கள்: அதில் எத்தனை வெவ்வேறு குரங்கு? ஒரே குரங்கை இருபது முறை பார்த்தால் இருபது குரங்கு ஆகிவிடாது. இந்த இடத்தில்தான் பல முதுகலை ஆய்வேடுகள் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்கின்றன.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு ஊசுட்டேரி. நீர்ப்பறவைகள் வரும் மாதங்களில் கரையில் நின்று பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கூட்டத்தைப் பார்த்து, நீந்துவது எத்தனை, இரை தேடுவது எத்தனை, சும்மா இருப்பது எத்தனை என்று குறித்துப் பழகலாம். நாமக்கோழி நல்ல பாட விலங்கு, எளிதில் பறந்துவிடாது. அதுவும் முடியாவிட்டால் தெருநாய். சிரிக்க வேண்டாம், முறை ஒன்றுதான்.

பேனாவா, பென்சிலா, செயலியா?

பென்சில். பனியில் மை ஊறிவிடும், கைப்பேசி குளிரில் சார்ஜ் இழக்கும். தாளை அன்றன்று இரவே படம் எடுத்து வையுங்கள்.

உங்களோடு ஒரு வாரம் வந்து பார்க்கலாமா?

அனுமதிக் கடிதத்தில் பெயர் இல்லாத யாரையும் உள்ளே அழைத்துப் போக முடியாது. நண்பர், மாணவர், உறவினர் யாராக இருந்தாலும். வனத்துறை நடத்தும் கணக்கெடுப்புகளுக்குத் தன்னார்வலர்களைச் சேர்க்கும்போது அறிவிப்பு வரும். அதற்கு விண்ணப்பிப்பதுதான் நேர் வழி. படிவத்தில் மலையேறிய அனுபவம் கேட்பார்கள். இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள். உங்களைச் சமமான பாதையுள்ள பிரிவில் போடுவார்கள்.